பிள்ளை பெற்ற பின் எடை குறைக்க: பேலியோவா, விரதமா, ஜிம்மா, வீட்டுச் சாப்பாடா?

பிரசவத்தன்று குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாமாகச் சேர்ந்து 5, 6 கிலோ இறங்கிவிடும். அடுத்த சில வாரங்களில் உடம்பில் தேங்கிய நீர் வடிந்து இன்னும் கொஞ்சம் குறையும். அதற்குப் பிறகும் இறங்காமல் நிற்கும் எடைக்குத்தான் ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். நாத்தனார் பேலியோவில் குறைத்திருப்பார், பக்கத்து வீட்டு அக்கா இரவுச் சாப்பாட்டை விட்டிருப்பார், தெருமுனை ஜிம்மில் பெண்களுக்குத் தனி நேரம் இருக்கும், தெரிந்தவர் ஒருவர் டப்பா பவுடரோடு வீட்டுக்கே வருவார்.

எது எத்தனை கிலோ குறைக்கும் என்று பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பால் கொடுக்கிற உடம்பு இதைத் தாங்குமா? இதற்காக வீட்டில் யார் கூடுதலாக என்ன செய்ய வேண்டியிருக்கும்? நம் ஊரில் பெரும்பாலான திட்டங்கள் இரண்டாவது கேள்வியில்தான் உடைகின்றன.

எதைத் தொடங்குவதாக இருந்தாலும் முதலில் ரத்தப் பரிசோதனை. பிரசவமான ஒரு வருடத்துக்குள் சிலருக்குத் தைராய்டு ஏறி இறங்கும். அது குறைந்த நிலையில் நின்றுவிட்டால் எந்த டயட்டும் சரியாக வேலை செய்யாது, சோர்வுதான் மிஞ்சும். அதனால் தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின் இரண்டையும் பாருங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. குழந்தை பிறந்ததும் சர்க்கரை போய்விட்டது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம்.

இப்போது பேலியோ. அரிசி, கோதுமை போன்ற மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, ஃபேஸ்புக் குழுக்கள் வழியாகத் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் பரவிய உணவுமுறை இது. சர்க்கரையும் பலகாரமும் அடியோடு நின்றுபோகும். முட்டை, பனீர், கறி, பாதாம் என்று புரதம் கூடும், பசி அடங்கும். முதல் இரண்டு வாரத்தில் எடை வேகமாக இறங்குவதைப் பார்த்து உற்சாகம் வரும், ஆனால் அதில் பெரும்பகுதி நீர். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைப்பது உண்மையிலேயே உதவுகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பால் கொடுக்கும் காலத்தில் அரிசி, கோதுமை, பழம் எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். கடுமையான குறைமாவு உணவில் இருந்த பாலூட்டும் தாய்மார்களுக்கு ரத்தத்தில் அமிலம் கூடி, வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிதாக நடப்பதுதான், ஆனால் ஆபத்தானது.

வீட்டுப் பக்கம் பார்த்தாலும் பேலியோ எளிதில்லை. மற்றவர்களுக்கு இட்லி, உங்களுக்கு ஆம்லெட். மற்றவர்களுக்குச் சாம்பார் சாதம், உங்களுக்குத் தேங்காய் எண்ணெயில் வதக்கிய காய். கைக்குழந்தையோடு நிற்கும் பெண் இரண்டு சமையல் செய்ய வேண்டும். பேலியோவில் காலை உணவாகச் சொல்லப்படும் 100 பாதாம் என்பது சுமார் 120 கிராம், 700 கலோரி. தினமும் அதை வாங்கும் செலவும் சின்னதில்லை. சைவக் குடும்பம் என்றால் பனீரும் பாதாமுமே கதி என்றாகி, இரண்டு மாதத்தில் சலித்துவிடும்.

விரதத்துக்கு இந்தச் செலவு கிடையாது, தனிச் சமையலும் கிடையாது. 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து, 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பதுதான் இப்போது பரவலாக இருக்கிறது. பால் மறக்கடித்த பிறகு, சர்க்கரைக்கு மருந்து எடுக்காதவர்கள் இதை முயன்று பார்க்கலாம். பால் கொடுக்கும்போது கணக்கு இடிக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள, உடலுழைப்பு குறைவான பெண்ணுக்கு நாளைக்கு 1660 கலோரி தேவை. பால் கொடுத்தால் முதல் ஆறு மாதம் அதோடு 600, அடுத்த ஆறு மாதம் 520. ஆக, முதல் ஆறு மாதத்தில் 2260 ஆகிறது. அதில் 500 குறைத்தாலும் 1760 மிஞ்சும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘1200 கலோரி சார்ட்’ பால் கொடுக்கும் அம்மாவுக்கானதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிள்ளை வைத்திருக்கும் பெண்கள் பலர் ஏற்கெனவே காலைச் சாப்பாட்டைப் பதினொரு மணிக்குத்தான் சாப்பிடுகிறார்கள். அதை விரதம் என்று பெயர் மாற்றினால் எதுவும் மாறாது. அந்தப் பசி மாலையில் மிக்சரும் பிஸ்கெட்டுமாக வந்து நிற்கும். இரவு ஏழரைக்குப் பிள்ளைகளோடு சாப்பிட்டு முடித்து, காலை ஏழரைக்குச் சாப்பிடும் 12 மணி நேர இடைவெளி போதும். நடுராத்திரி பால் கொடுத்துவிட்டுப் பசித்தால் ஒரு டம்ளர் பாலோ வாழைப்பழமோ எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் தடுக்கும் எந்த விதியும் உங்களுக்கு வேண்டாம்.

ஜிம் விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. பிள்ளையைத் தூக்கித் தூக்கி வரும் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் எடை தூக்கும் பயிற்சி போல நல்லது குறைவு. அதே நேரம், பிரசவமான உடம்பைத் தெரிந்த பயிற்சியாளர் எல்லா ஊரிலும் இல்லை. சேர்ந்த முதல் நாளே தொப்பைக்கு என்று, படுத்தபடி மேலுடம்பைத் தூக்கும் க்ரஞ்சஸ் செய்யச் சொல்வது சகஜம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கித் தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வயிற்றுத் தசை இன்னும் பிரிந்திருக்கிறது. க்ரஞ்சஸை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும். இருமினால், குதித்தால் சிறுநீர் கசிகிறதா? நிறையப் பேருக்கு இருக்கிறது, வெட்கத்தில் சொல்வதில்லை. சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும். ஓட்டமும் குதித்தலும் மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

உடற்பயிற்சியால் மட்டும் எடை பெரிதாக இறங்காது என்பதையும் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. முக்கால் மணி நேர நடையில் கரைவதை இரண்டு மெதுவடை திருப்பிக் கொடுத்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும் பவுடர், ஷேக் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பால் கொடுக்கும்போது வேண்டாம். நிறுத்தினால் எடை திரும்பும், நிறுத்தாவிட்டால் மாதாமாதம் செலவு. எடை குறைக்கும் ஊசிகள் விஷயமும் இப்போது நிறையக் காதில் விழுகிறது. 2025-இல் மஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்த பிறகு பிள்ளை பெற்ற பெண்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பால் கொடுப்பவர்களுக்கும் அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கும் இவை ஏற்றதில்லை. வெகோவியைக் கருத்தரிக்க இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மஞ்சாரோ கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, நான் தேர்ந்தெடுப்பது வீட்டுத் தட்டைத்தான். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நம் தட்டில் மாற்ற நிறைய இருக்கிறது. தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்பதுதான் பழக்கம். அதைப் பாதித் தட்டு காய், கீரை, கால் தட்டு சோறு, கால் தட்டு புரதம் என்று திருப்ப வேண்டும். 55 கிலோ பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் புரதம் வேண்டும், பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் சுமார் 17 கிராம் கூடுதல். இரண்டு முட்டையில் 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, நூறு கிராம் மீனில் 20 கிட்டத்தட்ட வந்துவிடும். மீதிக்குத் தயிரும், அடியிலிருந்து அள்ளி ஊற்றிய பருப்பும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணுக்குச் சாம்பாரில் தண்ணீரும் மீந்த சோறும்தான் கிடைக்கிறது என்றால், அங்கேதான் திருத்தம் தொடங்க வேண்டும். அம்மாவின் முட்டையையும் சுண்டலையும் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

பத்தியச் சாப்பாட்டில் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகத் தொடரலாம். பால் ஊறும் என்று மாதக்கணக்கில் நெய்யும் லேகியமும் கொடுப்பதை நிறுத்தலாம். பால் ஊறுவது குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி நான்கு முறை குடித்தால் சர்க்கரையிலேயே 160 கலோரி. பிள்ளை மிச்சம் வைத்த தோசையை வீணாகக் கூடாது என்று வாயில் போடுவதும் கணக்கில் சேரும்.

வேகம் குறைவுதான். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம், சில வாரம் அசையவே அசையாது. ஆனால் மாமியார், கணவர், மூத்த பிள்ளை எல்லாரும் அதையே சாப்பிடலாம், வேறு அடுப்பு பற்ற வைக்க வேண்டாம். அதனால்தான் இது ஒரு வருடம் தாண்டியும் நிற்கிறது. தராசோடு இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து வாருங்கள், இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் தட்டும் நடையும் போதும். அப்புறம் இரவு இடைவெளியையும், வாரம் இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே செய்யும் தசைப் பயிற்சியையும் சேர்க்கலாம். பால் மறந்த பின் சர்க்கரை இருப்பவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் மாவைக் குறைக்கலாம்.

ஜிம் வேண்டும் என்று தோன்றினால், வருடச் சந்தா ஆஃபரைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். காலை ஆறிலிருந்து ஏழரை வரை குழந்தை யாரிடம் இருக்கும், அழுதால் யார் தூக்குவார், மூத்தவனைப் பள்ளிக்கு யார் கிளப்புவார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பதில் வரும்வரை பணம் கட்ட வேண்டாம்.