உவர்மலை ஞாயிறு வகுப்பு: தாராளமாகப் போகலாம், ஒரு குறை மட்டும்

சமய வகுப்பு என்றாலே கேள்வி கேட்க விடமாட்டார்கள் என்று ஒதுங்கி நிற்பவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம். கட்டணம் கிடையாது. இடைவேளையில் பிளேன்டீயும் கடலையும் தருவார்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை, போட்டோக்கொப்பித் தாள்களில் பாதி எழுத்து தெரியாது. அதெல்லாம் பெரிய விஷயமில்லை.

நடத்துபவர் இளைப்பாறிய பௌதிகவியல் ஆசிரியர். இறைவன் கருணையுள்ளவன் என்றால் ஏன் இவ்வளவு துன்பம் என்ற பாடத்தை அவர் புராணத்தில் தொடங்கவில்லை. வெண்கட்டியை எடுத்து 2004 டிசம்பர் 26 என்று எழுதினார். அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு ஒன்று மற்றதன் கீழே வழுக்கியது. நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீற்றர் அளவில் இருக்கும். பத்து மீற்றர் ஆழத்துக்கு வந்ததும் அது 36 ஆகக் குறையும். வேகம் குறையக் குறைய அலை உயரும். கணக்கை எங்களைக் கொண்டே போடுவித்தார். நிலாவெளியையும் கிண்ணியாவையும் அடித்த தண்ணீர் பக்தன் யார், பாவி யார் என்று பார்க்கவில்லை, ஆழத்தை மட்டுமே பார்த்தது என்றார்.

அப்புறம் இயற்கை விதியின் மறுபக்கம். நோவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொழுநோயைக் காட்டினார்: நரம்பு மரத்த கைக்குச் சூடு தெரியாது, காயம் தெரியாது, விரல் அழிந்துபோகிறது. நெருப்பு ஒருநாள் சுட்டு மறுநாள் சுடாமல் விட்டால் யாரும் சமைக்கக்கூடப் பழக முடியாது. விதி மாறாமல் இருப்பதால்தான் பசுபிக் கடலுக்கு 1949 முதலே சுனாமி எச்சரிக்கை நிலையம் இருந்தது. எங்கள் பக்கம் அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது, சொல்லத்தான் ஆளில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் போனதில் மனிதர் செய்யாமல் விட்ட பங்கும் இருக்கிறது என்று அவர் சொன்னபோது விறாந்தையே அமைதியாகிவிட்டது.

திருக்கடலூரிலிருந்து வரும் ஓர் அம்மாதான் வாய் திறந்தார். "சேர், அலைக்குச் சட்டம் இருக்குது, சரி. அந்தச் சட்டத்தைப் போட்டவருக்கு என்ட பிள்ளையைத் தெரியாதோ?"

அது முற்பிறப்பு வினை என்று சொல்லி அந்த அம்மாவின் வாயை அவர் அடைக்கவில்லை. ஒரு பிள்ளையின் சாவுக்கு மேல் அப்படித் தீர்ப்பு எழுத எனக்கு அதிகாரமில்லை என்று கும்பிட்டார். இந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

குறை இதற்கு அடுத்த கிழமைப் பாடத்தில். சித்தாந்தத்தின் மூலநூலான மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் இரண்டாம் சூத்திரத்தை அவசரமாக முடித்துவிட்டார். வினை சடம், அதாவது அறிவில்லாத பொருள்; அது தானாகப் போய்த் தன்னைச் செய்தவனைச் சேராது, இறைவனின் ஆணையே பலனைக் கூட்டுகிறது என்பது சித்தாந்தம். அப்படியானால் கடலின் விதியும் சடம்தானே? "விதி செய்தது, இறைவன் செய்யவில்லை" என்று ஒரு சைவன் எப்படிச் சொல்லித் தப்புவது? முதல் கிழமை இயற்கை விதிக்குப் பின்னால் நிறுத்திய இறைவனை, அடுத்த கிழமை சூத்திரம் முன்னுக்குக் கொண்டுவருகிறது. என்னைக் கேட்டால், உலகம் ஏன் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதற்கு இயற்கை விதி நல்ல விடை. அந்த அம்மாவுக்கு அது விடை இல்லை. நான் கோணேசரை நம்புகிறவள், நம்பிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். உயிருக்கு உடம்பையும் உலகையும் கொடுத்தது மலம் எனும் உயிரைப் பற்றிய அழுக்கு நீங்கத்தான் என்றால், நாலு வயதில் போன உயிருக்கு அந்த வாய்ப்பு எங்கே? மறுபிறவியில் என்று நூல் சொல்லும். தாய்க்கு அது போதுமா என்பதைத்தான் வகுப்பு தொடவில்லை.

சேர் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். தை பிறந்து அடுத்த தொடர் தொடங்கும்போது இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவில் ஒரு முழுப் பின்னேரத்தை ஒதுக்குங்கள். கரும்பலகையும் சூத்திரமும் ஒன்றாக இருக்கட்டும்; கேள்வியை நாங்கள் கொண்டுவருகிறோம். புதிதாகப் போகிறவர்கள் முதல் வகுப்பைத் தவறவிடாதீர்கள், பதி பசு பாசம் (இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை) அதில்தான் சொல்வார், பிறகு திருப்பிச் சொல்லமாட்டார்.