கண் வறட்சிக்கு "நிரந்தரத் தீர்வு" விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

ஒரு மாதச் சம்பளம். முழுசாக. கண் வறட்சியை அடியோடு போக்கிவிடுவோம் என்று சொல்லி ஓர் ஆன்லைன் மருந்துக் கடை என்னிடம் கறந்த தொகை அது. அதற்கு வந்தவை சில சொட்டு மருந்துப் புட்டிகள், மூலிகை மாத்திரை, கண்ணில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. நேற்று கண் மருத்துவர் அந்தப் புட்டியைப் பார்த்துவிட்டு, முதலில் இதை நிறுத்துங்கள் என்றார்.

எப்படி நம்பினேன் என்று கேட்பீர்கள். போனில் பேசியவர் தன்னைக் "கண் ஆலோசகர்" என்று சொல்லிக்கொண்டார். மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று நான் சொன்னதுமே, "காத்து பட்டா தண்ணியா கொட்டுமே சார்?" என்று கேட்டார். கொட்டும்தான். வறட்சி என்கிறாய், பிறகு எப்படித் தண்ணீர் வருகிறது என்று வீட்டிலேயே யாரும் நம்பாத விஷயம் அது. அவர் பொறுமையாக விளக்கினார்: கண்ணின் மேற்பரப்பு காய்ந்து எரிச்சல் கண்டால் உடம்பு அவசரமாகக் கண்ணீரைச் சுரக்கும், ஆனால் அது கண்ணில் தங்காமல் வழிந்துவிடும். இது நூற்றுக்கு நூறு உண்மை. மருத்துவரும் இதையேதான் சொன்னார். வயிறு எரிவது அதனால்தான். நோயாளியின் அவஸ்தையை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு அதை வைத்தே பணம் பறித்திருக்கிறார்கள்.

சொட்டு விட்ட சில நிமிடங்களில் சிவப்பு மறைந்து கண் பளிச்சென்று வெளுக்கும். மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிட மோசமாகச் சிவக்கும். கூப்பிட்டுக் கேட்டால், "நச்சு வெளியேறுது சார், நல்ல அறிகுறி." மறுபடி கேட்டால், "கோர்ஸை முழுசா முடிங்க." அப்புறம், "மணிக்கு ஒரு தரம் விடுங்க." பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் குரல் மாறியது. திறந்த புட்டியைத் திரும்ப எடுக்கமாட்டார்களாம். திறக்காமல் கண்ணில் எப்படி விடுவது? அந்த ஆலோசகர் இப்போது போனையே எடுப்பதில்லை. சாட்டில் எழுதினால், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று தானாக ஒரு பதில் வந்து விழுகிறது. ஒரு மாதச் சம்பளம் போனது போனதுதான், அவர்கள் கணக்கில் அது தீர்ந்த புகார்.

புட்டியின் மேல் கடையின் பச்சை ஸ்டிக்கர், "முழுக்க இயற்கை" என்று. நகத்தால் சுரண்டி உரித்தால், அடியில் பொடி எழுத்தில் நாஃபசோலின், பென்சால்கோனியம் குளோரைடு. முதலாவது, இரத்தக் குழாய்களைத் தற்காலிகமாகச் சுருக்கிச் சிவப்பை மறைக்கும், அவ்வளவுதான். வறட்சிக்கு அது மருந்தே இல்லை, தொடர்ந்து விட்டால் சிவப்பு இன்னும் கூடும். இரண்டாவது, மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது. அடிக்கடி விட்டால் கண்ணின் மேற்பரப்பையே புண்ணாக்கும். அதைத்தான் மணிக்கு ஒரு தரம் விடச் சொன்னார்கள்!

மருத்துவர் செய்த சோதனைகளைப் பாருங்கள், இவற்றில் ஒன்றையாவது போனில் செய்ய முடியுமா? கீழ் இமையில் காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் வைத்தார். தண்ணீர்ச் சுரப்பில் குறை இல்லை. மஞ்சள் சாயம் தொட்டு, நீல ஒளியில் கண்ணை இமைக்காமல் வைக்கச் சொன்னார். கண்ணீர்ப் படலம் 10 நொடியாவது கலையாமல் நிற்க வேண்டுமாம். எனக்குத் திறந்த உடனேயே உடைந்தது. பிறகு இமை ஓரத்தை அழுத்தினார். தெளிவான எண்ணெய் வரவேண்டிய இடத்தில் பற்பசை போலக் கெட்டியாக வந்தது. இமையிலுள்ள மெய்போமியன் சுரப்பிகள் அடைத்திருக்கின்றன, எண்ணெய் இல்லாததால் கண்ணீர் ஆவியாகிப் போகிறது. வெதுவெதுப்பான ஒத்தடம், இமை ஓரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, பாதுகாப்புப் பொருள் சேராத செயற்கைக் கண்ணீர், திரை பார்க்கும்போது முழுசாக இமைப்பது, இவ்வளவுதான் இப்போதைக்கு. பலருக்கு இது நீடிக்கும் தொல்லை, கட்டுக்குள் வைக்கலாம் என்றார். நிரந்தரம் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

எழுத உட்கார்ந்தபோது நிறையச் சொல்ல நினைத்தேன், கண் உறுத்துகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பைப் போக்கும் சொட்டை வறட்சிக்கு வாங்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய புட்டி என்றால் உரித்துப் படியுங்கள். ஸ்டீராய்டு சொட்டை மருத்துவர் எழுதித்தராமல் தொடாதீர்கள், கண் அழுத்தம் ஏறும். வாயும் சேர்ந்து வறண்டால், மூட்டும் வலித்தால், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கடுமையான வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் இருந்தால், எந்தக் கடையையும் கூப்பிடாமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.