ஓர் இலைக்கு 41 ரிங்கிட்: கோலாலம்பூரில் நாங்கள் எடுத்த திருமண பேக்கேஜ்

பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு திருமண ஏற்பாட்டுக் குழுவிடம் மண்டபம், மேடை அலங்காரம், விருந்து மூன்றையும் ஒரே பேக்கேஜாக எடுத்து எங்கள் திருமண வரவேற்பை நடத்தினோம். வேறு இடங்களில் வாங்கிப் பார்த்த விலைப்பட்டியல்களிலும் ஏறக்குறைய இதே நிபந்தனைகளே இருந்தன. ஆகவே பெயரைக் குறிப்பிடாமல், சேவையின் நிறைகுறைகளை மட்டும் எழுதுகிறேன்.

நானும் அவரும் சேர்ந்து வைத்திருந்த தொகை 45,000 ரிங்கிட். 18 மாதங்கள், மாதம் ஆளுக்கு 1,250 ரிங்கிட் வீதம் ஒதுக்கிச் சேர்த்த பணம் அது. 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு என்ற மூன்றாவது கணக்கு வந்ததிலிருந்து, தேவைப்படும்போது அதிலிருந்து எடுக்கலாம் என்பதால், "அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் என்ன?" என்று இரு வீட்டாரும் கேட்டார்கள். ஒரு மாலை விருந்துக்காகச் சேமநிதியில் கை வைப்பதில்லை, கடனும் வாங்குவதில்லை என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். தங்க விலை ஏறிக்கொண்டே போனதால் தாலியையும் சங்கிலியையும் 916 தங்கத்தில் முதலிலேயே வாங்கி முடித்துவிட்டு, மண்டபத்துக்கும் விருந்துக்கும் சேர்த்து 25,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுத்துக்கொண்டோம்.

முதல் விலைப்பட்டியல் ஒரே பக்கம்தான் இருந்தது. ஆளுக்கு 48 ரிங்கிட், குறைந்தது 400 பேர். "எல்லாம் இதிலேயே அடங்கிடும்மா" என்றார் ஏற்பாடுகளைக் கவனித்த அக்கா. எங்கள் அழைப்புப் பட்டியலிலோ 340 பேர்தான் இருந்தனர். வராத 60 பேருக்கு 2,880 ரிங்கிட் கட்ட வேண்டும் என்பது அன்றிரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. அதோடு, மொத்தத் தொகைக்கும் 8 விழுக்காடு சேவை வரி போட்டிருந்தார்கள். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும், உணவுக்கும் பானத்துக்கும் அது 6 விழுக்காடாகவே நீடிக்கிறது. விருந்து, அலங்காரம், ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தருமாறு கேட்டோம். அந்த அக்கா முகம் சுளிக்காமல் இரண்டே நாளில் புதிய பட்டியல் அனுப்பினார், வரியும் திருத்தப்பட்டிருந்தது. கேட்டால் திருத்துகிறார்கள் என்பது பாராட்டத்தக்கதுதான். ஆனால் கேட்கத் தெரியாத குடும்பங்களின் நிலை என்ன என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

பெரிய மிச்சம் நாள் மாற்றத்தில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் அதே மாதத்தில் வந்த ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தத்தை எடுத்துக்கொண்டால், குறைந்தபட்ச எண்ணிக்கையை 320 ஆக இறக்குவதாகச் சொன்னார்கள். காலையில் கோயிலில் நெருங்கிய உறவினர்கள் முன்னிலையில் தாலி கட்டு, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு என்று பிரித்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை என்பதால் சைவ விருந்து. ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கோழியும் நீங்கியதும் ஆளுக்கு 48 என்பது 41 ரிங்கிட்டாகக் குறைந்தது. ஜொகூரிலிருந்து வரும் உறவினர்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்ததில் அம்மாவுக்கு மிகுந்த வருத்தம். ஆட்டிறைச்சி இல்லாத கல்யாணமா என்று பெரிய மாமா கேட்டதும் உண்மை. இரண்டையும் நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் இருவரையும் நேரில் உட்கார வைத்து, கணக்கைக் காட்டித்தான் சம்மதம் பெற்றோம்.

இந்தக் குழுவை நான் மனமாரப் பாராட்டுவது, சாப்பிட்டவர்களுக்கு விரித்த இலைகளை எண்ணிப் பணம் வாங்கிய இலைக் கணக்குக்காக. பந்தி தொடங்கும் முன் வாழையிலைக் கட்டுகளை என் சித்தப்பாவின் முன்னால் எண்ணி, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். கடைசிப் பந்தி எழுந்த பிறகு மிச்சம் இருந்த இலைகளையும், கிழிந்தவை என்று ஒதுக்கியவற்றையும் தனித்தனியே எண்ணினார்கள். விழுந்த இலை 331. அதற்கு 13,571 ரிங்கிட், 6 விழுக்காடு வரியுடன் 14,385 ரிங்கிட் 26 சென். முதல் பட்டியலின்படி நடந்திருந்தால் விருந்துக்கு மட்டும் வரியோடு 20,736 ரிங்கிட் போயிருக்கும். சாம்பார் கடைசிப் பந்தி வரை சூடாக இருந்தது. பருப்புப் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டவர்களுக்கும் தயங்காமல் ஊற்றினார்கள்.

அலங்காரத்தில்தான் குறை. மேடைக்குப் புதுப்பூ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மேடையேறி நின்றபோது என் தோளுக்கு அருகில் தொங்கிய ஆர்க்கிட் சரத்தைத் தொட்டுப் பார்த்தேன். இதழின் ஓரத்தில் அச்சு வார்த்த தடம் விரலில் நெருடியது. கைக்கு எட்டும் உயரத்துக்கு மேல் பாதிக்கும் அதிகமானவை நெகிழிப் பூக்கள். மேலும், மாலை 6 மணிக்கு முடிய வேண்டிய மேடை 7:20க்குத்தான் தயாரானது. அதனால் நிகழ்ச்சி தள்ளிப்போய், 10:30க்கு ஒப்படைக்க வேண்டிய மண்டபத்தை 11 மணிக்கு ஒப்படைத்தோம். அந்த அரை மணிக்கு 500 ரிங்கிட் கூடுதல் கட்டணம் கேட்டார்கள். மேடை வேலை நடந்துகொண்டிருந்தபோது என் தம்பி எடுத்த படங்களை நேரத்தோடு அனுப்பிய பிறகு பாதியைக் கழித்தார்கள். தாமதம் முழுவதும் அவர்களுடையது. முழுத் தொகையையும் கழித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. பூவுக்கு எந்தக் கழிவும் தரவில்லை.

பதிவுத் திருமணத்தைப் பற்றி அவர்கள் தாமாகவே நினைவூட்டியதையும் சொல்ல வேண்டும். தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பித்த பின் 21 நாள் அறிவிப்புக் காலம் இருக்கிறது; அதை மறந்துவிட்டு முகூர்த்தத்துக்கு முன் அலைமோதுபவர்கள் உண்டு. எங்களுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே நாள் குறித்துக் கொடுத்தார்கள். அது பேக்கேஜில் இல்லாத உதவி.

அடுத்த ஆண்டு என் தங்கையின் திருமணத்துக்கு விருந்தை மட்டும் இவர்களிடமே கொடுக்கிறோம். மேடைக்குப் பிரிக்பீல்ட்ஸிலேயே பூ கட்டும் ஒருவரிடம் பேசியிருக்கிறோம். சரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதித் தந்திருக்கிறார்.