ஆடியோகிராமா, பெராவா, ஸ்கேனா?

ஒரு காது மந்தமானதும் ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் உடனே எழும் கேள்வி, "ஸ்கேன் எடுத்துடலாமா?" வேண்டாம், முதலில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. அதைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தால், உள்காதோ செவிநரம்போ பழுதானவருக்கு ஒலி நல்ல காதின் பக்கம் ஒதுங்கும். குறும்பி அடைப்பு, செவிப்பறை ஓட்டை என்றால் மந்தமான காதிலேயே ஓங்கிக் கேட்கும். ஒரு நிமிட வேலை, ஆனால் பாதி வழி தெரிந்துவிடும்.

அடுத்தது ஆடியோகிராம், ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று கோடாக வரையும் சோதனை. என் ஓட்டு இதற்குத்தான். காற்று வழியாகவும் எலும்பு வழியாகவும் ஒலி கொடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு கோடும் ஒன்றாக இறங்கினால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ. கோட்டின் வடிவமும் பேசும். காசிமேட்டு விசைப்படகில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே காலம் கழித்தவருக்கும், மணலி, எண்ணூர் ஆலைகளில் காதுக்காப்பு இல்லாமல் நின்றவருக்கும் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். தலைசுற்றலோடு, தாழ்ந்த சுருதி ஒலிகள் மட்டும் ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மந்தமாகவும் கேட்டால் மெனியர் என்ற உள்காது நோயை நினைக்க வேண்டும்.

அறை மட்டும் ஒலிபுகாததாக இருக்க வேண்டும். ஆட்டோ ஹாரன் நுழையும் அறையில் எடுத்த ஆடியோகிராமை நம்பாதீர்கள். இல்லாத குறையைக் காட்டும். ஒரு காது மட்டும் மந்தம் என்றால், சோதனையின்போது நல்ல காதில் இரைச்சல் கொடுத்து மறைத்தார்களா என்று கேளுங்கள். மறைக்காவிட்டால் நல்ல காது கேட்டதை மந்தமான காதின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

பெரா டெஸ்ட், தலையில் மின்முனை ஒட்டி, ஒலிக்குச் செவிநரம்பு தரும் பதிலைப் பார்ப்பது. பதில் சொல்லத் தெரியாத குழந்தைக்கு இதற்கு ஈடில்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் செய்யும் ஓ.ஏ.இ. என்ற சோதனை உள்காதின் மயிர்ச்செல்களை மட்டுமே சோதிக்கும், நரம்பைத் தொடாது. கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை ஓ.ஏ.இ.யில் தேறினாலும் பெரா பார்த்தே ஆக வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு பக்க மந்தம் என்றால் பெராவைவிட எம்.ஆர்.ஐ. மேல். செவிநரம்புக் கட்டி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரா தவறவிடலாம். மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. சில மில்லிமீட்டர் கட்டியையும் காட்டும். விலை குறைவு என்று சி.டி.க்குப் போவதில் பயனில்லை. அது எலும்புக்கு: விபத்தில் எலும்பு முறிவு, பிறவியிலேயே காக்ளியா (உள்காதின் நத்தைக்கூடு போன்ற உறுப்பு) சரியாக உருவாகாத குழந்தை.

இத்தனை வரிசையும் ஒரு நிலையில் மாறும். மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று ஒலி அதிர்வெண்களில் 30 டெசிபெல் அளவுக்குக் கேட்கும் திறன் விழுந்தால் அது அவசரம். சளி அடைப்பு என்று சொட்டு மருந்து விட்டு வாரத்தை ஓட்டக் கூடாது. அன்றைக்கே பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடத்தின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய் ஆடியோகிராம் எடுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம், எம்.ஆர்.ஐ. தேதிக்காக அதை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாத்திரைக்குப் பதிலாகச் செவிப்பறை வழியே நடுக்காதில் ஊசி போடும் முறையும் உண்டு. டாக்டரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.