கப்பல் பயணத்தில் முன்னுரிமைக்குத் தனிக் கட்டணம்: கட்டியும் கட்டாமலும் போய்ப் பார்த்ததில்

அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம் யாராவது கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்தால் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "அந்த முன்னுரிமை போர்டிங் வாங்கலாமா?" நாங்கள் சில வருடங்களாகக் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து போய் வருகிறோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் போவோம், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போவோம். அந்தக் கட்டணத்தைக் கட்டியும் போயிருக்கிறோம், கட்டாமலும் போயிருக்கிறோம். மற்றவர்களுக்கு முன்னால் கப்பலுக்குள் கால் வைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் காசு கொடுக்க வேண்டாம். ஏறிய உடனே அறைக்குப் போக முடிகிறதே, அதற்காகக் கொடுக்கலாம்.

நான் அதிகம் பயன்படுத்தியது கார்னிவல் நிறுவனத்தின் 'ஃபாஸ்டர் டு த ஃபன்' திட்டம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் கேபினுக்கு ஒரு கட்டணம். ஒரே அறையில் நான்கு பேர் இருந்தாலும் அதே பணம்தான். பயணத்தின் நாட்களைப் பொறுத்தும் கப்பலைப் பொறுத்தும் விலை மாறும். ஒரு பயணத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைதான் விற்பார்கள், விடுமுறை வாரங்களில் சீக்கிரமே தீர்ந்துவிடும். கட்டினால் செக்-இன் செய்யவும் கப்பல் ஏறவும் தனி வரிசை, ஏறியதும் அறை, பெட்டிகளுக்கு முன்னுரிமைப் பட்டை, கப்பலிலிருந்து கரைக்குக் கூட்டிப்போகும் டெண்டர் படகில் முன்னுரிமை, கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் தனி வரிசை, கடைசி நாள் இறங்கும்போது முன்னுரிமை.

முதலில் அந்த வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் ஆப்பில் செக்-இன் செய்யும்போதே, துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறோம் என்று நேரம் தேர்ந்தெடுக்க வேண்டும். செக்-இன் திறந்த உடனே உட்கார்ந்து, பாஸ்போர்ட் விவரங்களையும் படங்களையும் தயாராக வைத்துக்கொண்டு முடித்தால், காலையிலேயே முதல் நேரம் கிடைத்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. அந்த நேரத்துக்குப் போனால் பொது வரிசையும் வேகமாகத்தான் நகரும். இன்னொன்று, முன்னுரிமை வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் பணம் கட்டியவர்கள் இல்லை. சூட் அறைக்காரர்கள், கார்னிவலின் வாடிக்கையாளர் திட்டத்தில் பிளாட்டினம் நிலையை எட்டியவர்கள், அதற்கும் மேல் டயமண்ட் நிலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இது இலவசம். பள்ளி நடக்கும் மாதங்களில் கிளம்பும் நீண்ட பயணங்களில் ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம், அவர்களில் பலர் பிளாட்டினம். அப்படிப்பட்ட நாட்களில் முன்னுரிமை வரிசை பொது வரிசை அளவுக்கே நீண்டு கிடக்கும்.

சரி, அறை விஷயத்துக்கு வருவோம். கட்டணம் கட்டாதவர்களுக்கு மதியம் ஒன்றரை மணி வாக்கில்தான் அறைகள் திறக்கும். அதுவரை கேபின் வரிசைக்குப் போகும் தாழ்வாரக் கதவுகள் மூடியே இருக்கும். பதினொன்றரைக்கு ஏறிய கூட்டம் முழுக்க கைப்பையும் தோள்பையுமாக பஃபே இருக்கும் லிடோ டெக்குக்குத்தான் போகும். பஃபேயில் ஒருவர் தட்டு எடுக்கப் போனால் இன்னொருவர் இடம் பிடித்து உட்கார வேண்டும். கட்டணம் கட்டாமல் போன ஒரு முறை, அம்மா மாத்திரைப் பையையும் பாஸ்போர்ட் பையையும் மடியில் வைத்தபடி, எழுந்து கை கழுவக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். மகன் நாற்காலியில் சாய்ந்தே தூங்கிவிட்டான். அப்பாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுக்க வேண்டும். அங்கே எங்கே படுப்பது?

கட்டிப் போன பயணத்தில் அதே கதவு எங்களுக்குத் திறந்திருந்தது. கேபின் வாசலில் உள்ள சின்னத் தபால் பெட்டியில் எங்கள் பெயர் போட்ட உறை, உள்ளே அறைச் சாவி அட்டை. பைகளை உள்ளே வைத்துவிட்டு, அம்மா முகம் கழுவிப் புடவையைச் சரிசெய்துகொண்டார், அப்பா காலை நீட்டிப் படுத்தார். பாதுகாப்பு ஒத்திகைக்கான வீடியோவை ஆப்பில் பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்கும் போய்ப் பதிந்துவிட்டு வந்தோம், அங்கேயும் ஆள் இல்லை. அப்புறம் கையை வீசிக்கொண்டு சாப்பிடப் போனோம். இந்த இரண்டு மணி நேர நிம்மதிக்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன். நாங்கள் இருவர் மட்டும் போகும்போது இது தேவையே இல்லை. ஆளுக்கு ஒரு முதுகுப்பையோடு மேல் டெக்கில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

பெற்றோரோடு போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சக்கர நாற்காலியோ நடக்க உதவியோ தேவைப்பட்டால் அதற்காக முன்னுரிமை வாங்க வேண்டியதில்லை. முன்பதிவின்போதே சிறப்புத் தேவை என்று நிறுவனத்திடம் சொல்லி வையுங்கள். துறைமுகத்தில் தனி வழியில் அழைத்துப் போவார்கள், கட்டணம் இல்லை. நன்றாக நடப்பவர்கள், ஆனால் அரை மணி நேரம் நிற்க முடியாதவர்கள், இவர்களுக்குத்தான் கட்டண வரிசை பயன்படுகிறது. அதோடு, கவுண்டரில் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைவிட, இந்தியப் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்க்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்கும் தனிக் கவுண்டர் உதவியாக இருந்தது. (செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் அந்த அமெரிக்க விசா பல முறை நுழையக்கூடியதா என்று முன்பதிவுக்கு முன்பே பாருங்கள். திரும்பி வருவதும் ஒரு நுழைவுதான்.)

பெட்டிக்கான முன்னுரிமைப் பட்டையை நான் பெரிதாக நம்புவதில்லை. துறைமுகத்தில் சுமைதூக்குபவர்களிடம் கொடுக்கும் பெட்டி, எக்ஸ்ரே சோதனை தாண்டி, ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு சேர்ந்து டெக் டெக்காகப் பிரிந்து வர வேண்டும். மருந்து, கண்ணாடி, குழந்தைக்கு ஒரு மாற்றுடுப்பு, நீச்சல் உடை இவை கைப்பையில்தான் இருக்க வேண்டும், பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வாங்கும் முன் பயணத் திட்டத்தில் எந்தெந்தத் துறைமுகங்கள் என்று பாருங்கள். கால்வெஸ்டனிலிருந்து போகும் நான்கைந்து நாள் பயணங்களில் வழக்கமாக வரும் மெக்ஸிகோவின் கோசுமெல், ப்ரொக்ரேசோ இரண்டிலும் கப்பல் நேராகத் துறையில் நிற்கும், இறங்கி நடக்க வேண்டியதுதான். அங்கே டெண்டர் முன்னுரிமைக்கு வேலையே இல்லை. பெலீஸ் வேறு கதை. கடல் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் கரைக்குப் போக முடியும். கிராண்ட் கேமனிலும் படகுதான். முன்னுரிமை இல்லாதவர்கள் எண் வாங்கிக்கொண்டு தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கப்பல் நிறுவனத்திடமே சுற்றுலா வாங்கியிருந்தால் அந்தக் குழுவோடு சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். வெளியே தனியாக வண்டி ஏற்பாடு செய்திருப்பவர்களுக்குத்தான் இந்தச் சலுகை அருமையானது. பெலீஸில் குகை ஆற்றில் மிதக்கப் போக வேண்டும் என்றால் கரையிலிருந்து மேலும் ஒரு மணி நேரம் வண்டியில் போக வேண்டும். காலையில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் அங்கே உதவும்.

இன்னொரு கப்பல் நிறுவனமான ராயல் கரீபியனில் இதற்கு நிகரானது 'த கீ'. கணக்கு வேறு மாதிரி: ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு. அறையில் ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் வாங்கியாக வேண்டும். ஆனால் அதில் வைஃபை அடங்கியிருக்கிறது, முதல் நாள் மதியம் பெரிய உணவகத்தில் சாப்பாடு, நிகழ்ச்சிகளுக்குத் தனி இருக்கை, அலைச்சறுக்கு போன்ற இடங்களில் தனி நேரம் எல்லாம் உண்டு. எப்படியும் எல்லாரும் இணையம் வாங்கப் போகிறீர்கள் என்றால், இணையத்தின் விலையைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் சின்னத் தொகையாக இருந்தால் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு இணையம் வேண்டாம் என்று நினைக்கும் எங்கள் வீட்டுக்கு இது ஒத்துவரவில்லை, நான்கால் பெருக்கிப் பார்த்ததும் விட்டுவிட்டோம்.

குளிர்காலத்தில் கால்வெஸ்டனிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிசம்பர் முதல் மார்ச் வரை கடல்மூடுபனி இறங்கினால் துறைமுகக் கால்வாயையே மூடிவிடுவார்கள். உள்ளே வர வேண்டிய கப்பல் வெளியே கடலில் நிற்கும், பழைய பயணிகள் இறங்கிய பிறகுதான் நம்மை ஏற்றுவார்கள். எங்களுக்கு ஒருமுறை காலையிலேயே குறுஞ்செய்தி வந்தது, வீட்டிலேயே இருங்கள், புது நேரம் சொல்கிறோம் என்று. பனி விலகிக் கப்பல் ஏறியபோது மாலையாகிவிட்டது, அறைகளும் எல்லாருக்கும் ஒன்றாகவே திறந்துவிட்டன. அன்று கட்டணம் கட்டியவர்களுக்குக் கிடைத்தது சற்று முன்னால் நிற்கும் இடம் மட்டும்தான். அதனால் ஜனவரி, பிப்ரவரி பயணங்களுக்கு நான் இதை வாங்குவதில்லை.

கடைசி நாள் முன்னுரிமை எனக்குப் பெரிதாகப் பயன்பட்டதில்லை. பெட்டிகளை நாமே இழுத்துக்கொண்டு போகத் தயார் என்றால் யார் வேண்டுமானாலும் முதல் ஆட்களாக இறங்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கப்பலின் முன்னுரிமை கப்பலோடு முடிந்துவிடும், கீழே குடிவரவு அதிகாரி முன்னால் எல்லாரும் ஒன்றுதான். கெஸ்ட் சர்வீஸ் தனி வரிசை மட்டும் கடைசி இரவில் கை கொடுக்கும். பில்லில் ஏதாவது சந்தேகம் என்றால் அன்று அங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே புரியும்.

அடுத்த கோடையில் அப்பா அம்மாவோடு பெலீஸ் வழியாகப் போகிறோம், இரண்டு கேபின். அவர்களும் மகனும் தங்கும் கேபினுக்கு மட்டும் வாங்கப் போகிறோம், பெரியவர்களோடு ஏற என் மனைவியும் அந்த அறையிலேயே பதிந்திருக்கிறாள். நானும் மகளும் முதல் நேரத்தைப் பிடித்துப் பொது வரிசையில் வருகிறோம்.