ஊட்டிக்கு ஏற கோத்தகிரி ரோடு: 15-ஆம் நம்பருக்கு நாலு ஸ்டார்

ஊட்டி என்றால் எல்லோரும் குன்னூர் ரோட்டைத்தான் பிடிக்கிறார்கள். மே மாத சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவதால், நம்மாட்கள் பலருக்கு கோத்தகிரி ரோடு என்பது திரும்பி வரும்போது பாதித் தூக்கத்தில் பார்த்த ரோடு. போன ஜூலையில் நான் ஏறுவதற்கே அதைப் பிடித்தேன். ஈரோடு, கோபி, சத்தி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி என்று சுமார் 160 கிலோமீட்டரும் மாநில நெடுஞ்சாலை 15.

கூட வந்த மாமனாருக்கு இதில் சம்மதமே இல்லை. "ஏனுங் மாப்ள, குன்னூர்ல போனா அந்த ரயிலயாச்சும் பாக்கலாமில்லீங்க?" என்று சித்தோடு தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

சித்தோட்டிலிருந்து கோபி வரை நாலு வழியாக அகலமாக்கிவிட்டார்கள், வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் நிழல் போய்விட்டது. கவுந்தப்பாடியில் மட்டும் நிறுத்துங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற நாட்டுச்சர்க்கரை இந்த ஊர்ச் சரக்குதான். மாமா ரெண்டு கிலோ வாங்கியதும் ரயிலை மறந்தார். கோபி தாண்டினால் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் வயல்காடு, இந்த ரோட்டிலேயே எனக்குப் பிடித்த இடம் மலையல்ல, இதுதான். கொடிவேரி அணைக்கு ஒதுங்கினால் அரைநாள் போய்விடும், அதனால் ஒதுங்கவில்லை.

ஒரு ஸ்டார் குறைந்தது சத்திக்கும் சிறுமுகைக்கும் நடுவில். ஒரு ஊருக்குள் வெள்ளைக்கோடும் இல்லாமல், பலகையும் இல்லாமல் ஒரு வேகத்தடை. வண்டியின் அடிப்பக்கம் உரசிய சத்தத்தில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பையன் எழுந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

சிறுமுகையைச் சும்மா தாண்டிப் போய்விடாதீர்கள். பட்டுச்சேலை நெசவுக்குப் பேர்போன ஊர் என்பது தெரியும், மலைக்கு முதல் பாதை இங்கிருந்துதான் போட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நீலகிரி அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவுக்குள் இருந்தது, 1868-ல்தான் தனியாகப் பிரிந்தது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிப் பார்த்துவிட்டு, சிறுமுகையிலிருந்து கோத்தகிரி பக்கத்துத் திம்பட்டிக்குப் பாதை வெட்டச் சொன்னார், 1823-ல் வேலை முடிந்தது. இன்றைய தார் ரோடு அப்படியே அந்தத் தடத்தில் போகவில்லைதான், ஆனாலும் ஊட்டிக்கு மூத்த வழி இந்தப் பக்கம். கோத்தகிரியை ஒட்டிய கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். குன்னூர் ரோட்டில் பதினாலு கொண்டை ஊசி வளைவு, இங்கே அவ்வளவு கிடையாது, ஏற்றமும் நிதானமாகத்தான் ஏறுகிறது. எப்போதும் குன்னூர் ரோட்டில் பர்லியாறு வருவதற்குள் வாந்திக்குக் கவர் கேட்கிற மாமனார் இந்தமுறை கோத்தகிரி வரை கதை பேசிக்கொண்டே வந்தார், இறங்கியதும் டீயோடு ரெண்டு பஜ்ஜியும் சாப்பிட்டார். எனக்கு அது போதும்.

நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் இருந்தால் குஞ்சப்பனை செக்போஸ்ட்டுக்கு முன்பே குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் யானை ரோட்டுக்கு வரும், இருட்டுகிற நேரத்தில் அங்கே இருக்க வேண்டாம். நாங்கள் இறங்கும்போது ஒன்று நின்றது, இருபது நிமிஷம் லைட்டை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம், மாமா மூச்சுக்கூட விடவில்லை.