செக்காலை ரோட்டு மாடிக் கடையும் என் பழைய லேப்டாப்பும்

பள்ளத்தூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு வெளியூருக்குப் பார்சல் அனுப்புகிறேன். பில் போடும் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லேப்டாப்போ பழசு, விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றுபோனது. பில்லுக்கு மட்டும் அது இருக்கட்டும், மெயிலுக்கும் பாங்க் வேலைக்கும் அதே லேப்டாப்பில் விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மின்டையும் கூடவே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் போட்டு 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் வந்து திறந்தால் வைஃபையைக் காணோம். கடையில் கேபிள் செருகியிருந்ததால் அங்கே யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டில் ரவுட்டர் முகப்பில் இருக்கிறது, நான் உட்காருவது உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில். அவ்வளவு நீளக் கேபிளுக்கு எங்கே போவேன்? வைஃபையை ஓட்டும் டிரைவர் என்ற சின்ன சாஃப்ட்வேரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். நல்ல கூத்து!

அப்புறம்தான் காரைக்குடி செக்காலை ரோட்டில் இந்த மாடிக் கடை. படி செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். கடைத் தம்பி முதல் வேலையாகக் கேபிளைக் கழற்றினார். என் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி, போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டதும் நெட் வந்துவிட்டது. மின்டில் இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கான டிரைவர் அங்கேயே காத்திருந்தது. ஏற்றும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. மறுபடி ஆன் செய்ததும் நீலத் திரையில் அதையே கேட்டது. "செக்யூர் பூட்னு வாசல்ல ஒரு காவக்காரன் நிக்கிறான் ஆச்சி. இந்த டிரைவர் நம்ம வீட்டு ஆளுதான்னு அவன்கிட்ட ஒரு தடவை சொல்லிடணும்" என்றார். அந்தத் திரையைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் டிரைவர் இருந்தும் வைஃபை வந்திருக்காதாம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அடுத்து வந்தவரின் லேப்டாப்பில் இவர் உடனே இன்ஸ்டால் செய்யவில்லை. பென்டிரைவிலிருந்தே மின்டை ஓடவிட்டு வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட் எல்லாவற்றையும் பார்த்தார். கைரேகை மட்டும் எடுக்கவில்லை. "இது வராது, சம்மதம்னா போடுறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதல் கடையில் இந்தப் பத்து நிமிஷம் செலவழித்திருந்தால் எனக்கு அலைச்சல் மிச்சம்.

குறையும் உண்டு. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் போட்ட பில்லில் காலை 10:30 என்று அச்சானது. லினக்ஸ் உள் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். போனில் கேட்டதும் தம்பி ஒரு வரி கட்டளை சொல்லிச் சரிசெய்தார். ஆனால் இதையும் அன்றே பார்த்திருக்கலாம்.

கூலி 500. மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை கடை சாத்தியிருக்கும். பில் கேட்டால்தான் தருவார்கள். போகிறவர்கள் போன் வயரோடு பிரிண்டரையும் தூக்கிக்கொண்டு போங்கள். நான் பிரிண்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போய், அதற்கென்று இன்னொரு தடவை பஸ் ஏறினேன்.